பச்சை விளக்குக்கு இடம் வலம் தெரியாது

இடது துளையில் போக வேண்டியதை வலது துளையிலும், வலது துளையில் போக வேண்டியதை இடது துளையிலும் சொருகியது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் எங்கள் நிறுவனத்தில் இதைச் சொல்ல என்னை யாரும் விடவில்லை.

என் வேலை துடைப்பது. தரையை அல்ல. தரையைத் துடைப்பவருக்குச் சீருடை உண்டு, அவர் வந்தால் எல்லாரும் காலைத் தூக்கிக்கொள்வார்கள். நான் துடைப்பது ஃபைபர் முனைகளை. பூமிக்கு அடியில் ஒரு பெரிய கூடத்தில், பீப்பாயைப் படுக்கவைத்த மாதிரி மூன்று மாடி உயரத்துக்கு ஒரு டிடெக்டர் இருக்கிறது. அதற்குள் துகள்களை மோதவிடுகிறார்கள். மோதினால் தெறிக்கிறது. எது எந்தப் பக்கம் தெறித்தது என்பதைப் பீப்பாய் உணர்ந்து, வெளிச்சமாக மாற்றி, தலைமுடி கனமுள்ள கண்ணாடி இழைகளில் பக்கத்து அறைக்கு அனுப்புகிறது. அங்கே அலமாரி அலமாரியாகப் போர்டுகள். அவை வெளிச்சத்தை வாங்கி எண்ணாக்கி, கண் இமைக்கிற நேரத்தில் கோடிக்கணக்கான மோதல்களைப் பார்த்து, இது வேண்டும், இது வேண்டாம், இது வேண்டாம், இதுவும் வேண்டாம் என்று தீர்த்துக்கட்டிவிடும். எங்கள் நிறுவனத்தில் முடிவெடுக்கத் தெரிந்தவை அந்தப் போர்டுகள் மட்டும்தான்.

இழையின் முனையில் ஒரு தூசி உட்கார்ந்தால் போதும், வெளிச்சம் மங்கிவிடும். அதனால் முனையைக் கழற்றி, துணியால் துடைத்து, திரும்பச் சொருக ஓர் ஆள் தேவைப்பட்டது. சொருகி முடித்ததும் கட்டுப்பாட்டு அறைக்கு ஃபோன் போட்டு "துடைச்சாச்சு" என்று சொல்ல வேண்டும். அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. என் மனைவிகூடக் கோபம் வந்தால் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள்.

அன்றைக்குக் காலையில் ஒரு போர்டிலிருந்து இரண்டு முனைகளைக் கழற்றியிருந்தேன். ஒன்று டிடெக்டரின் இடப்பக்கத்திலிருந்து வருவது, நீல நாடா கட்டியது. இன்னொன்று வலப்பக்கத்திலிருந்து வருவது. துடைத்துவிட்டுக் கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டிருந்தபோது சட்டைப் பையில் ஃபோன் அதிர்ந்தது. மனைவி.

"பாலை அடுப்புல வச்சுட்டுப் போனீங்களா?"

"வச்சேனா?"

"வச்சீங்களான்னு கேக்கல. வச்சிருக்கீங்க. நான் கடைக்குப் போயிட்டு வந்தா வீடு பூரா புகை. ஏன்னு கேக்கறேன்."

கல்யாணமான எவனாலும் சட்டென்று பதில் சொல்ல முடியாத கேள்வி அது. இரண்டு முனைகளையும் ஒரே கையில் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, ஃபோனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, கழுத்தைக் கோணிக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். கேட்டுக்கொண்டே சொருகினேன். இரண்டு பச்சை விளக்கும் எரிந்தன. வெளிச்சம் வந்தால் எரிய வேண்டும், அவ்வளவுதான் அந்த விளக்குக்குத் தெரியும். எந்தப் பக்கத்து வெளிச்சம் என்பதெல்லாம் அதற்கு எதற்கு? நான் "துடைச்சாச்சு" என்றேன். அலமாரியைப் பூட்டினார்கள். துகள்களை ஓடவிட்டார்கள்.

சாயங்காலம் கருகின பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. நீல நாடா வலப்பக்கமல்லவா தொங்கியது? மறுநாள் ஓடிப்போய் அலமாரியின் வலைக் கதவு வழியாக எட்டிப் பார்த்தேன். நீல நாடா வலப்பக்கம்தான் தொங்கிக்கொண்டிருந்தது, ஒன்றும் தெரியாத மாதிரி.

வேறு யாருடைய ஆராய்ச்சியாக இருந்திருந்தாலும் நான் இவ்வளவு பதறியிருக்க மாட்டேன். அந்தப் போர்டை நம்பியிருந்தது பிஸ்கட். பிஸ்கட் என்பது முனைவர் பட்டத்துக்குப் படிக்கிற ஒரு பெண். கட்டுப்பாட்டு அறை மூலையில் ஒரு பாக்கெட் பிஸ்கட்டை வைத்துக்கொண்டு, அதையே காலைச் சாப்பாடாகவும் மதியச் சாப்பாடாகவும் நடத்திக்கொண்டிருப்பாள். நான் உள்ளே வந்தால் பாக்கெட்டை என் பக்கம் நகர்த்துவாள். அந்த நிறுவனத்தில் என் பக்கம் எதையாவது நகர்த்திய ஒரே ஜீவன் அவள்தான். அவளுடைய ஆராய்ச்சி என்ன என்று ஒருமுறை கேட்டேன்.

"மோதினதும் இடப்பக்கம் போறது ஜாஸ்தியா, வலப்பக்கம் போறது ஜாஸ்தியான்னு பாக்கறேன் அண்ணா."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். நாலு வருஷமா."

இந்தப் பருவம் முடிந்ததும் இயந்திரத்தைப் பராமரிப்புக்காக மூடிவிடுவார்கள். திறக்க வருஷக்கணக்காகும். அவளுடைய உதவித்தொகையும் அதோடு முடிகிறது. அவளுக்கு மிஞ்சியிருந்தது இந்த ஒரு பருவத்து டேட்டாதான். இடமா வலமா என்று நாலு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த பெண்ணுக்கு, இடத்தை வலமாகவும் வலத்தை இடமாகவும் மாற்றிச் சொருகிக் கொடுத்திருந்தேன். குறிபார்த்துச் செய்திருந்தால்கூட இவ்வளவு கச்சிதமாக அமைந்திருக்காது.

நானே திறந்து மாற்றியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அலமாரிச் சாவி என்னிடம் இல்லை. இருந்தாலும், கதவைத் திறந்தால் மொத்த இயந்திரமும் தானாக நின்றுவிடும். நின்றால் உலகமே ஃபோன் போட்டுக் கேட்கும். ஆகவே என் பிரிவுத் தலைவரிடம் போனேன். எதைச் சொன்னாலும் "பார்க்கலாம்" என்பார் என்பதால் அவருக்குப் பார்க்கலாம் என்றே பெயர்.

"சார், ஒரு தப்பு பண்ணிட்டேன்."

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "அந்த வார்த்தையை எங்க கத்துக்கிட்ட?"

"எந்த வார்த்தை சார்?"

"த-வில ஆரம்பிக்கிற வார்த்தை. இது ஆராய்ச்சி நிறுவனம்பா. இங்க அதெல்லாம் நடக்கறதில்ல. இங்க நடக்கறது விலகல். விலகலுக்கு வழிமுறை இருக்கு. நீ சொன்னதுக்கு வழிமுறையே கிடையாது."

"சரி சார், விலகல். ரெண்டு முனையை மாத்திச் சொருகிட்டேன். திரும்ப மாத்தணும். அந்தப் பொண்ணோட டேட்டா கெட்டுப்போகுதான்னு மட்டும் சொல்லுங்க."

"பார்க்கலாம்" என்றார்.

முதலில் பாதுகாப்பு அதிகாரி வந்தார். தலைக்கவசம் இல்லாமல் அந்த அம்மாவை யாரும் பார்த்ததில்லை. சாப்பிடும்போதுகூடக் கழற்ற மாட்டார், நாடாவை மட்டும் தளர்த்திக்கொள்வார். நடந்ததை நடந்தபடியே நடித்துக்காட்டச் சொன்னார். நான் ஒரு காலி அலமாரிக்கு முன்னால் நின்று, இரண்டு பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, கழுத்தைக் கோணி, இல்லாத மனைவியிடம் மன்னிப்புக் கேட்டேன். நாலு பேர் சுற்றி நின்று படம் எடுத்தார்கள்.

"இந்த இடத்துல முகபாவம் சரியா வரல. அன்னைக்கும் இப்படித்தான் இருந்துச்சா?" என்றார் அந்த அம்மா.

"அன்னைக்குக் கொஞ்சம் கூடப் பயந்திருந்தேன் மேடம்."

"அப்ப பயப்படுங்க."

பயந்தேன். திருப்தியானார். அடுத்தது ஏணி.

"ஏணியில எத்தனாவது படியில நின்னீங்க?"

"ஏணியே இல்ல மேடம். தரையில நின்னேன். துளை என் நெஞ்சு உயரத்துலதான் இருக்கு."

"ஏன் ஏணி பயன்படுத்தல?"

நெஞ்சு உயரத்தில் இருப்பதை எட்ட ஏணி எதற்கு என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, 'ஏணிப் பழக்கம் போதாமை' என்று சொல்லி எழுதவைத்துவிட்டார். ஒரு வாரம் எனக்கு ஏணிப் பயிற்சி கொடுத்தார்கள். ஏறவும் இறங்கவும் நன்றாகக் கற்றுக்கொண்டேன். சான்றிதழ்கூட உண்டு. மனைவி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "பரவாயில்ல, மேல் ஷெல்ஃபைத் துடைச்சுடுங்க" என்றாள். நீல நாடா மட்டும் இருந்த இடத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

பிறகு விசாரணைக் குழு கூடியது. தலைவர் ஓய்வுபெற்ற பேராசிரியர். ஓய்வுபெற்றதே இந்த மாதிரிக் குழுக்களுக்கு நேரம் ஒதுக்கத்தான் என்பார்கள். முதல் கூட்டத்தில், தண்ணீர் குடித்துத் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, அவர் பேசினார்.

"நண்பர்களே, நமது இழைகளில் ஒளி பறக்கிறது. அதைவிட வேகமாகப் போவது உலகில் எதுவும் இல்லை. ஆகவே நாம் அவசரப்பட வேண்டிய அவசியமும் இல்லை. வேகத்தை இழைகள் பார்த்துக்கொள்ளும், நிதானத்தை நாம் பார்த்துக்கொள்வோம். எத்தனையோ வருஷங்களாக நான் குழுக்களுக்குத் தலைமை தாங்குகிறேன். என் குழுக்களில் ஒன்றுகூட இதுவரை தவறான முடிவு எடுத்ததில்லை. எடுத்திருந்தால் ஒருவேளை தவறாகப் போயிருக்கலாம். அந்த ஆபத்துக்கு நான் என்றைக்கும் இடம் கொடுத்ததில்லை."

எல்லாரும் மேஜையைத் தட்டினார்கள். நானும் தட்டினேன். குற்றவாளி தட்டக் கூடாது என்று பார்க்கலாம் கண்ணைக் காட்டினார்.

விலகலுக்கு மூலகாரணம் வேண்டும் என்றார் தலைவர். மூலகாரணம் ஃபோன். ஃபோனுக்குக் காரணம் மனைவி. ஆகவே என் மனைவியை வரவழைத்தார்கள். அவள் நல்ல புடவை கட்டிக்கொண்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, ஒன்பது விஞ்ஞானிகளுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"அம்மா, அன்றைக்கு நீங்கள் ஏன் தொடர்புகொண்டீர்கள்?"

"பால் கருகிடுச்சு."

"எந்த வெப்பநிலையில்?"

"கருகுற வெப்பநிலையில."

குறித்துக்கொண்டார்கள். ஒருவர் மட்டும் கொஞ்சம் இரக்கத்தோடு, "இவர் வீட்டில் எப்படி?" என்று கேட்டார்.

"இப்படித்தான்" என்றாள் மனைவி. பிறகு அவளே, "ரெண்டு ஒயர்தானே, மாத்திப் போட்டுட்டா முடிஞ்சுதே?" என்றாள்.

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என் தொழில்புத்தி, அவர் துடைப்பது சரியில்லை, துணியில் தூசி இருக்கிறது என்று கவனித்தது. "அம்மா, தீர்வு காண்பது இந்தக் குழுவின் எல்லைக்கு உட்பட்டதல்ல" என்றார் அவர். மறுவாரம் ஒரு சுற்றறிக்கை வந்தது: ஊழியர்கள் வேலைநாட்களில் பால் காய்ச்சுவதைத் தவிர்க்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.

இதற்குள், இடம் எது வலம் எது என்பதில் ஒரு சிக்கல் முளைத்தது. டிடெக்டரை முன்னால் நின்று பார்த்தால் இடமாக இருப்பது பின்னால் நின்று பார்த்தால் வலமாகிவிடுகிறது. முன் எது, பின் எது? துகள் வருகிற திசைதான் முன் என்றார் ஒருவர். துகள்கள் இரண்டு திசையிலிருந்தும் வருகின்றன என்றார் இன்னொருவர். வாசல் இருக்கிற பக்கம் முன் என்றேன் நான். என்னை வெளியே உட்காரச் சொன்னார்கள். இடவல வரையறைக்கு ஒரு துணைக்குழு அமைந்தது. அது முடிவுக்கு வரும்வரை இரண்டையும் 'பக்கம்' என்றே குறிப்பிட வேண்டும் என்று உத்தரவானது. ஆகவே என் விலகல், 'ஒரு பக்கத்தில் சொருக வேண்டியதை ஒரு பக்கத்தில் சொருகினார்' என்று பதிவாகியது. அதைப் படித்துவிட்டு, அப்படியானால் நான் என்னதான் செய்தேன் என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

போகிற வருகிறவர்களிடமெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்ணின் டேட்டா கெட்டுப்போகிறதா இல்லையா? பார்க்கலாம், "பார்க்கலாம்" என்றார். பாதுகாப்பு அம்மா, டேட்டாவுக்குத் தலைக்கவசம் கிடையாது என்பதால் தன் பொறுப்பில் வராது என்றார். குழுத் தலைவர், "கெடுவது என்றால் என்ன?" என்று திருப்பிக் கேட்டார். நான் பாலை உதாரணம் காட்டினேன். "அது வேறு குழு" என்றார்.

அவளிடமே கேட்டிருக்கலாம். அதற்கும் வழியை அடைத்துவிட்டார்கள். ஆராய்ச்சிக்காரர்களுக்கு விடை முன்கூட்டியே தெரிந்தால் மனம் சாய்ந்துவிடும் என்று, டேட்டாவின் ஒரு பகுதியை மூடிவைத்துக்கொண்டு வேலை செய்கிற ஒரு முறை உண்டு. கண்கட்டு முறை என்பார்கள். நல்ல முறைதான். எங்கள் தலைவர் அதை மனிதர்களுக்கும் நீட்டினார். விசாரணை முடியும்வரை, விலகலைப் பற்றி பிஸ்கட்டுக்கு எதுவும் தெரியக் கூடாது. விலகலைப் பற்றித் தெரிந்த யாரும் அவளிடம் பேசவும் கூடாது.

அவளைத் தவிர மற்ற எல்லாருக்கும் விலகலைப் பற்றித் தெரியும். சுற்றறிக்கை போயிருந்ததே. ஆகவே அந்த நிறுவனத்தில் அவளிடம் யாரும் பேசவில்லை. அவள் வராந்தாவில் வந்தால் பேராசிரியர்கள் பக்கத்து அறைக்குள் பாய்ந்தார்கள். அது துப்புரவுச் சாமான் அறையாக இருந்தால், கொஞ்ச நேரம் கழித்துத் தலையில் ஒட்டடையோடு வெளியே வந்தார்கள். சாப்பாட்டு அறையின் நடுவில் தரையில் மஞ்சள் நாடா ஒட்டினார்கள். நாடாவுக்கு அந்தப் பக்கம் ஒரே ஒரு மேஜை, ஒரே ஒரு நாற்காலி, ஒரு பாக்கெட் பிஸ்கட். இந்தப் பக்கம் நாங்கள் அறுபது பேர், முதுகைக் காட்டிக்கொண்டு.

ஒருநாள் அவள் என்னைப் பார்த்து எழுந்து வந்தாள். "அண்ணா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அந்த போர்டு..."

பார்க்கலாம் என் காதைப் பொத்தினார். அவர் காதை நான் பொத்தினேன். அப்படியே இரண்டு பேரும் பக்கவாட்டில் நகர்ந்து வெளியேறினோம். திரும்பிப் பார்த்தபோது அவள் பாக்கெட்டைக் கையில் பிடித்தபடி நாடா ஓரத்தில் நின்றிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்தபின் எனக்கு வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை.

"அந்தப் பொண்ணு அழுதுச்சா?" என்று கேட்டாள் மனைவி.

"இல்ல. பிஸ்கட் நீட்டினா."

"அதுக்கு அழுதிருந்தாலே தேவலாம்" என்றாள்.

கடைசியில், பருவம் முடியக் கொஞ்ச நாளே மிச்சமிருந்தபோது, அனுமதி வந்தது. அதை அவர்கள் அனுமதி என்று சொல்லவில்லை, 'மீள்நிலை விழா' என்றார்கள். விழாவுக்காக அரைமணி நேரம் துகள்களை நிறுத்த ஒப்புக்கொண்டார்கள். அலமாரிக்குச் சிவப்பு நாடா கட்டினார்கள். அடியில் நீல நாடா ஏற்கெனவே இருந்ததால் பார்க்க அழகாகத்தான் இருந்தது. இயக்குநர், குழுக்களின் தலைவர்கள், இரண்டு புகைப்படக்காரர்கள், முன்வரிசையில் அதே புடவையில் என் மனைவி. எனக்கு வெள்ளைக் கையுறை. பாதுகாப்பு அம்மா ஓர் ஏணியையும் கொண்டுவந்து அலமாரிக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். சான்றிதழ் வாங்கியவன் ஏறாமல் இருந்தால் எப்படி? மூன்று படி ஏறி நின்றேன். துளைகள் இப்போது என் முழங்காலுக்கு வந்துவிட்டன.

இயக்குநர் பேசினார்.

"ஒரு சாதாரண இடத்தில் இப்படி ஒரு விலகல் ஏற்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? யாராவது ஒருவர் அன்றைக்கே போய்ச் சரிசெய்திருப்பார். விஷயம் வெளியே தெரியாமலே போயிருக்கும். நமது நிறுவனம் அப்படி நடக்க விடவில்லை. இரண்டு முனைகளை இடம் மாற்ற ஐந்து குழுக்களை உழைக்கவைத்த இன்னொரு நிறுவனத்தை எனக்குக் காட்டுங்கள். சிலர் கேட்கிறார்கள், இந்த டிடெக்டரில் இதுவரை என்ன கண்டுபிடித்தீர்கள் என்று. நான் அடக்கத்தோடு சொல்கிறேன், இந்த விலகலைக் கண்டுபிடித்திருக்கிறோம். அதுவும் அதைச் செய்தவரே வந்து சொன்ன பிறகு, எந்த வெளி உதவியும் இல்லாமல்."

கைதட்டல். விழா நாளோடு கண்கட்டு முடிகிறது என்பதால், இளைஞர் பங்கேற்புக்கு ஆள் வேண்டும் என்று பிஸ்கட்டை மேடைக்கு அழைத்திருந்தார்கள். துடைக்கும் துணி வைத்த தட்டை ஏந்திக்கொண்டு அவள் ஏணியடியில் நின்றாள். இத்தனை நாள் கழித்து அவளை இவ்வளவு பக்கத்தில் பார்த்தேன். இளைத்திருந்தாள்.

நான் குனிந்தேன். ஏணியிலிருந்து முழங்கால் உயரத்தை எட்டக் குனிந்தால் தலை அவள் காதருகே வருகிறது. அந்த ஏணியால் விளைந்த ஒரே நன்மை அது. இரண்டு முனைகளையும் கழற்றினேன். பச்சை விளக்குகள் அணைந்தன.

"என்னை மன்னிச்சுடும்மா" என்றேன் மெதுவாக. "இப்ப சரியாச் சொருகிடறேன். ஆனா இவ்வளவு நாள் வந்ததெல்லாம் போச்சா? யாருமே சொல்ல மாட்டேங்கறாங்க."

"போகல" என்றாள், உதட்டை அசைக்காமல். "அன்னைக்கே தெரிஞ்சுது. தினமும் துகள் ஓடறதுக்கு முன்னாடி, ஒவ்வொரு சென்சாருக்கும் சின்னதா ஒரு வெளிச்சம் காட்டிச் சோதிப்போம். இடப்பக்கம் காட்டினா வலப்பக்கம்னு வந்துச்சு. உங்க ரெண்டு முனையும் மாறியிருக்குன்னு புரிஞ்சுது. ப்ரோக்ராம்ல ரெண்டு எண்ணை மாத்திப் போட்டேன். ஒரு நிமிஷ வேலை. முதல் நாள்லேர்ந்து எல்லாமே சரியாத்தான் வந்துக்கிட்டிருக்கு."

"ஐயோ, அப்பவே சொல்லியிருக்கக் கூடாதாம்மா?"

"சொல்ல வந்தேனே. காதைப் பொத்திக்கிட்டு ஓடினீங்க."

என் இரண்டு கையிலும் இரண்டு முனைகள். இயக்குநர் புன்னகையோடு தலையசைத்தார், ஆகட்டும் என்று.

"அப்ப இதை இப்ப மாத்திச் சொருகினா?" என்றேன்.

"மாத்தினாத்தான் போகும் அண்ணா."

ஐந்து குழுக்கள், ஓர் இயக்குநர், என் மனைவி உட்பட அந்த அறையில் இருந்த அத்தனை பேரும் நான் மாற்றவேண்டும் என்று காத்துக்கொண்டிருந்தார்கள். நான் தட்டிலிருந்து துணியை எடுத்தேன். வாழ்நாளில் அவ்வளவு நன்றாக நான் எதையும் துடைத்ததில்லை. இரண்டு முனைகளையும் தலைக்கு மேலே உயர்த்திக் காட்டினேன். புகைப்படக்காரர்களுக்காகக் கைகளை ஒருமுறை குறுக்காக வைத்தேன். வெளிச்சம் மின்னியது. அப்புறம் குனிந்து, கையை விலக்கி, நீல நாடாவை அது இத்தனை நாள் தொங்கிய அதே துளையில், மற்றதை அதன் பழைய இடத்தில், இரண்டு கையாலும் சத்தம் கேட்கும்படி சொருகினேன்.

இரண்டு பச்சை விளக்கும் எரிந்தன.

அறை இடிந்துவிழுகிற மாதிரி கைதட்டினார்கள். இயக்குநர் பெரிய திரையைக் காட்டி, "வித்தியாசம் தெரிகிறதா?" என்றார்.

"நல்லாத் தெரியுது சார்" என்றார் குழுத் தலைவர், கண்ணாடியைப் போட்டுக்கொண்டே.

"ரொம்பப் பாதுகாப்பா இருக்கு" என்றார் தலைக்கவச அம்மா.

பார்க்கலாம், அன்றைக்கு முதல்முறையாக, "பார்த்தாச்சு" என்றார்.

என் மனைவி மட்டும் நீல நாடாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி நாடாவைப் பார்த்தாள். அவள் கண்ணில் எதுவும் தப்பாது. கைப்பையைத் திறந்து மூடினாள். கைதட்டலை மட்டும் கொஞ்சம் தாமதமாக ஆரம்பித்தாள்.

கூட்டம் டீ குடிக்கப் போனது. மஞ்சள் நாடாவை உரித்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் கையுறையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு கட்டுப்பாட்டு அறைக்குப் போனேன். பிஸ்கட் தன் மூலையில் உட்கார்ந்து, திரையில் புதிதாக வருகிற டேட்டாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வந்ததும் பாக்கெட்டை என் பக்கம் நகர்த்தினாள்.

"இவ்வளவு நாள் வந்த டேட்டாவை ஏத்துக்கலாமா கூடாதான்னு முடிவு பண்ண இன்னொரு குழு போடறாங்களாம்மா" என்றேன்.

"போடட்டும் அண்ணா. வெளிச்சச் சோதனைப் படமெல்லாம் என் கைடுகிட்ட அப்பவே காட்டிட்டேன், அவர் சரின்னுட்டார். அந்தக் குழு தலைவரைத் தேர்ந்தெடுக்கறதுக்குள்ள நான் பட்டம் வாங்கிடுவேன்."

"ஏன் உன் கைடு அவங்ககிட்ட சொல்லல?"

"அவரும் ஒரு குழுவுல இருக்கார். இடம் வலம் குழு."

ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தேன். கேட்கலாமா வேண்டாமா என்று இருந்தது. இத்தனை மாதமாக அதை விலகல் என்றார்கள், ஏணிப் பழக்கம் போதாமை என்றார்கள், பால் சார்ந்த வெளிக்காரணம் என்றார்கள், ஒரு பக்கத்தில் சொருக வேண்டியதை ஒரு பக்கத்தில் சொருகியது என்றார்கள். நேற்று மத்தியானம் ஒருவர் என்னைக் கைகுலுக்கிப் பாராட்டக்கூடச் செய்தார்.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கறேன். உள்ளதைச் சொல்லணும்" என்றேன். "நான் அன்னைக்குச் செஞ்சது என்னது?"

அவள் திரையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள்.

"தப்பு அண்ணா" என்றாள். "ஃபோனைக் கீழ வச்சுட்டுச் சொருகியிருக்கணும்."